யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன் வீடுகளில் நாள் எப்படிப் போனது, வேதபாடம் எப்படி நடந்தது?

நீங்கள் கேட்டிருப்பது இது: 1800களில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசனரிக் குடும்பங்கள் அன்றாடம் எப்படி வாழ்ந்தார்கள், பைபிளை எப்படிப் படிப்பித்தார்கள், சோறும் சீலையும் கொடுத்து ஆள் பிடித்தார்கள் என்று ஒரு பக்கமும் எல்லாமே தியாகம் என்று இன்னொரு பக்கமும் சொல்கிறார்களே, இதில் எது உண்மை. கூடவே, உடுவிலில் படித்த உங்கள் பூட்டியின் பெயர் ஏன் முழு ஆங்கிலப் பெயராக இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்க்கப் பல கேள்விகள் மாதிரி இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: அவர்கள் இங்கே வாழ வந்தார்களா, வேலை பார்க்க வந்தார்களா? அவர்களைப் பொறுத்தவரை அந்த இரண்டும் பிரிந்திருக்கவே இல்லை. வீடே பள்ளிக்கூடம், அடுப்படி பற்றிய முடிவுகூட வேத ஊழியத்தின் ஒரு பகுதி. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

நான் நீண்டகாலம் வரலாறு படிப்பித்தவன். மிசன் கடிதங்களையும் அறிக்கைகளையும் வாசிப்பது அப்போதிருந்து விடாத பழக்கம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நமக்குக் கிடைக்கும் பெரும்பாலான சான்றுகள் மிசனரிகளே எழுதியவை, அதுவும் அமெரிக்காவில் காசு கொடுத்த சபை மக்கள் வாசிப்பதற்காக எழுதி, 'மிஷனரி ஹெரால்ட்' இதழில் தொகுத்துப் போட்டவை. யார் எப்போது வந்தார், எங்கே குடியிருந்தார், எந்தப் பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது, யார் எப்போது இறந்தார் என்பதில் இவற்றை நம்பலாம். ஒரு தமிழ்ப் பிள்ளையின் மனதில் என்ன நடந்தது என்று அவர்கள் எழுதும்போது கொஞ்சம் தள்ளி நின்றுதான் வாசிக்க வேண்டும்.

சரி, எப்படி வந்தார்கள்? அமெரிக்க மிசன் சங்கம் 1810இல் தொடங்கியது. முதலில் இந்தியாவுக்குத்தான் ஆள் அனுப்பினார்கள், கிழக்கிந்தியக் கம்பனி உள்ளே விடவில்லை. சாமுவேல் நியூவெல், அவருடைய மனைவி ஹேரியட் இருவரும் கல்கத்தாவிலிருந்து வெளியேற்றப்பட்டு மொரீசியசுக்குப் போனார்கள், அங்கே 1812 நவம்பரில் ஹேரியட் 19 வயதில் இறந்தார். அதற்குக் கொஞ்சம் முன்புதான் பிறந்த குழந்தையைப் பறிகொடுத்திருந்தார். நியூவெல் தனியாளாக 1813இல் இலங்கை வந்து பார்த்து, இங்கே ஆங்கில அரசின் நேரடி ஆட்சி, கம்பனியின் தொல்லை இல்லை, யாழ்ப்பாணம் நல்ல இடம் என்று எழுதினார். அதன் பிறகே 1815 அக்டோபரில் ஒரு கூட்டம் கப்பலேறி, ஐந்து மாதம் கடலில் கிடந்து, 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கியது. அதில் டானியல் பூவர் தம்பதியும் எட்வர்ட் வாரனும் தெல்லிப்பழைக்கு வந்தார்கள், மெய்க்ஸ் தம்பதியும் ரிச்சர்ட்ஸ் தம்பதியும் வட்டுக்கோட்டைக்குப் போனார்கள். 1819இல் புறப்பட்ட இரண்டாவது கூட்டத்தில் வின்ஸ்லோ, ஸ்போல்டிங், வூட்வர்ட், வைத்தியர் ஜான் ஸ்கடர் ஆகியோரின் குடும்பங்கள் வந்தன. உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் நிலையங்கள் இவர்களோடுதான் வளர்ந்தன.

அவர்களுக்குக் கிடைத்த வீடுகள் புதியவை அல்ல. போர்த்துக்கீசர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய பழைய தேவாலயங்களும் பக்கத்து வீடுகளும் கூரை போய், சுவர் மட்டும் நின்றன. பெரிய கற்சுவர், உள்ளே செடிகொடி. முதல் வேலை பனஞ்சலாகை வாங்கிக் கூரை போடுவதுதான். வேதம் போதிக்க வந்த ஆள், வந்த ஆண்டு முழுவதும் தச்சனோடும் மேசனோடும் கூலி பேசிக்கொண்டிருந்தார், அதே நேரம் ஒரு முன்ஷியிடம், அதாவது மொழி கற்பிக்கும் ஆசிரியரிடம், உட்கார்ந்து தமிழ் எழுத்தும் கற்றார். ஆரம்பத்தில் ஆங்கிலத்தில் சொல்ல இன்னொருவர் மொழிபெயர்த்துத்தான் பிரசங்கம் நடந்தது. தமிழில் தாமே பேச வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருந்தது. ஏனென்றால் மொழிபெயர்ப்பாளர் நடுவில் நிற்கும்வரை சந்தையிலோ கோயிலடியிலோ நின்று கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

காலையில் குடும்ப செபம். இது வீட்டாருக்கு மட்டுமானதல்ல, வேலையாட்களும் வளவில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள், வேதத்தில் ஒரு பகுதி வாசித்துத் தமிழில் விளக்கம் சொல்லுவார்கள். பிறகு கணவர் கிராமப் பள்ளிகளைப் பார்க்கப் புறப்படுவார், மனைவி வீட்டுப் பள்ளியையும் தையல் வகுப்பையும் நோயாளிகளையும் சமையலையும் தன் கைக்குழந்தைகளையும் பார்ப்பார். வேலையாட்கள் நிறைய இருந்தார்கள் என்று படித்துவிட்டுச் சிலர் ராசவாழ்க்கை என்று நினைக்கிறார்கள். சமைப்பவர் கூட்டமாட்டார், கூட்டுபவர் தண்ணீர் அள்ளமாட்டார், துணி வெளுக்க இன்னொருவர் வேண்டும் என்பது நம் ஊர்ச் சாதி ஒழுங்கு. எளிமையாக வாழ வேண்டும் என்று வந்த அமெரிக்கக் குடும்பமும் அதற்குள்தான் வாழ வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து கடிதம் வர ஐந்தாறு மாதம் ஆகும். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை எல்லா நிலையத்துக் குடும்பங்களும், நல்லூரில் இருந்த ஆங்கில மிசனாரும் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் (மெதடிஸ்ட்) மிசனாரும் ஒன்றுகூடிச் செபிப்பார்கள். அது வழிபாடு மட்டுமல்ல, தன் மொழி பேசும் இன்னொரு பெண்ணை அந்த மனைவிமார் பார்க்கக் கிடைத்த நாளும் அதுதான்.

இப்போது வேதபாடத்துக்கு வருகிறேன். மிசனரி படிப்பிப்பது என்றால் மேடையில் நின்று முழங்குவது என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பகுதி நடந்தது கிராமத்துத் தமிழ்ப் பள்ளிகளில், அதுவும் சைவ ஆசிரியர்களின் வாயால். ஊரில் ஏற்கனவே இருந்த திண்ணைப் பள்ளி முறையை அப்படியே எடுத்தார்கள்: பிள்ளை மணலில் எழுதிப் பழகும், பிறகு ஓலை. அச்சுப் புத்தகம் அருமையாக இருந்த காலம் என்பதால் வேத வசனங்களையும் ஞானோபதேச வினாவிடைகளையும் ஓலையில் எழுதிக் கொடுத்தார்கள். ஆசிரியருக்குச் சம்பளம் வரும் பிள்ளைகளின் தொகையையும் படிப்பின் தேர்ச்சியையும் பார்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆசிரியர் பிள்ளைகளை வரிசையாக மிசன் நிலையத்துக்குக் கூட்டிவருவார். நெற்றியில் திருநீற்றோடு ஒரு பையன் நிலத்தில் உட்கார்ந்து பத்துக் கட்டளைகளை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பான், மிசனரி அதன் பொருளை விளக்குவார், பிறகு பையன் வீட்டுக்குப் போய்விடுவான். மனப்பாடம் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல, மூதுரையும் நிகண்டும் அப்படித்தான் படித்தார்கள். ஒப்பித்ததால் நம்பினான் என்று எண்ண முடியாது என்பது மிசனரிகளுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது, கடிதங்களில் அந்த வருத்தம் திரும்பத் திரும்ப வருகிறது.

அதனால்தான் தங்கிப் படிக்கும் பள்ளிகள் வந்தன. பிள்ளை பகலில் படித்து இரவு வீட்டுக்குப் போனால் பாடம் மனதில் நிற்காது, நம் வீட்டிலேயே வைத்து வளர்க்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இங்கேதான் உங்கள் "சோறு" கேள்வி வருகிறது. ஆம், சோறு கொடுத்தார்கள், உடுப்புக் கொடுத்தார்கள், இதில் சந்தேகமே இல்லை, அவர்களே பெருமையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சோறு எங்கே சமைக்கப்பட்டது என்று பாருங்கள். கிறிஸ்தவர் வளவில் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று வேளாளப் பெற்றோர் மறுத்தார்கள், அதனால் தெல்லிப்பழையில் வளவுக்கு வெளியே, பக்கத்துச் சைவர் ஒருவருடைய காணியில் தனிச் சமையற்கொட்டில் போட வேண்டி வந்தது. அதாவது பசியால் வந்து விழுந்த கூட்டமாக மட்டும் அவர்களைப் பார்க்க முடியாது. நிபந்தனை போட்டது மிசனரி மட்டுமல்ல, ஊராரும் போட்டார்கள், பல ஆண்டுகள் ஊராருடைய நிபந்தனைதான் வென்றது. சாதியை இப்படி விட்டுக்கொடுத்தது சரியா என்று மிசனுக்குள்ளேயே பிற்காலத்தில் கடுமையான வாதம் நடந்தது. விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் முதல் பத்தாண்டில் பள்ளியே இருந்திருக்காது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பூட்டியின் பெயருக்கு வருவோம். அமெரிக்காவில் ஒரு சபையோ ஒரு குடும்பமோ ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், அவர்கள் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கலாம். சில நேரம் கொடுத்தவரின் பெயர், சில நேரம் இறந்துபோன ஒரு போதகரின் அல்லது தாயின் பெயர். 1841இல் தொடங்கிய உதயதாரகை பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் இருவரும் தமிழர்கள், பெயர்களோ ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். தருக்க நூல் எழுதிய சிதம்பரப்பிள்ளைக்கு மிசன் பெயர் வில்லியம் நெவின்ஸ். ஆகவே உங்கள் பூட்டிக்கும் அப்படி வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் உறுதி அல்ல: பிற்காலத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் தாங்களாகவே அப்படிப் பெயர் வைத்ததும் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் அவருடைய பழைய தமிழ்ப் பெயர் பக்கத்தில் எழுதியிருந்தால் முதல் வகை, இல்லாவிட்டால் இரண்டாவது வகையாக இருக்கலாம். எனக்கு இந்தப் பெயர் மாற்றம் பிடித்த விஷயமல்ல. கடல் கடந்த ஒருவருக்கு நன்றி காட்டுவதற்காக ஒரு பிள்ளை தன் பெயரை விட்டுவிட வேண்டும் என்பது கொடுக்கல்வாங்கலில் யார் மேலே என்று காட்டிவிடுகிறது.

உடுவில் பெண்கள் பள்ளியை 1824இல் தொடங்கியவர் ஹேரியட் வின்ஸ்லோ. பெண்பிள்ளை எழுதப் படிப்பதே தேவையில்லாத வேலை, தேவதாசிகள்தான் படிப்பார்கள் என்று ஊரில் எண்ணிய காலம் அது. பள்ளி தொடங்கிய கதையாக ஒன்று சொல்வார்கள்: பெருமழையில் இரண்டு சிறுமிகள் மிசன் வீட்டில் ஒதுங்கினார்கள், சாப்பிடக் கொடுத்ததை மூத்தவள் தொடவில்லை, சின்னவள் பசியில் அழுதாள், கடைசியில் கொஞ்சம் பாணும் வாழைப்பழமும் தின்றாள், தேடி வந்த தகப்பன் கோபித்துக்கொள்ளவில்லை, அப்புறம் அந்தப் பிள்ளைகள் படிக்க வந்தார்கள். இது எந்த அளவுக்கு மெருகேற்றப்பட்டது என்று விவாதிக்கலாம், ஆனால் பெண்களின் பள்ளி ஒரு வீட்டு விறாந்தையில், சாப்பாட்டுப் பிரச்சினையோடு தொடங்கியது என்ற அளவில் அது மற்றச் சான்றுகளோடு ஒத்துப்போகிறது. வேதபாடம், வாசிப்பு, கணக்கு, தையல் எல்லாம் ஒரே வீட்டில். படித்த பெண் கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்தால் மிசனே ஒரு சிறு சீதனம் கொடுத்தது. இதைச் சொன்னால் மிசன் ஆதரவாளர்களுக்குக் கோபம் வருகிறது, ஆனால் இதுவும் அவர்களுடைய பதிவுகளிலேயே இருப்பது. சீதனம் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமே நடக்காது, படித்ததும் வீணாகும் என்று அவர்கள் வாதிட்டார்கள். யாழ்ப்பாணத்தை அறிந்த யாரும் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள்.

இந்தக் குடும்பங்களைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு மனம் கனப்பது அவர்களுடைய பிள்ளைகளை நினைத்துத்தான். ஊர்ப் பிள்ளைகளை வீட்டோடு வைத்து வளர்த்தவர்கள், தங்கள் பிள்ளைகளை வேலையாட்களோடு அதிகம் பழகவிடவில்லை, தமிழ்ப் பேச்சும் ஊர்ப் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயது ஆகுமுன் கப்பலேற்றி அமெரிக்காவில் உறவினரிடமோ சபைக் குடும்பத்திடமோ விட்டார்கள். திரும்பப் பார்ப்போமா என்பது யாருக்கும் தெரியாது. வின்ஸ்லோ தம்பதியின் மூத்த மகன் சார்ல்ஸ் இங்கே பிறந்தவன், அப்படி அனுப்பப்பட்டு 1832இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே இறந்தான், வயது 11. மறு ஆண்டு ஜனவரியில் தாய் ஹேரியட்டும் உடுவிலில் இறந்தார். அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்பையும் கணவர் பின்னர் நூலாக்கினார், அதனால்தான் அந்த வீட்டின் உள்பக்கம் நமக்கு இவ்வளவு தெரிகிறது. மைரன் வின்ஸ்லோவை நாம் 1862இல் வெளிவந்த பெரிய தமிழ் ஆங்கில அகராதிக்காக நினைக்கிறோம், 67,000க்கு மேற்பட்ட சொற்கள். அந்த அகராதி வளர்ந்த ஆண்டுகளில் அவர் வீட்டில் எத்தனை இழவு விழுந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஸ்கடர் வீட்டில் நிலைமை வேறு மாதிரி: பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்துக்கொண்டே பிரசங்கமும் செய்த ஜான் ஸ்கடரின் மகன்மாரில் பெரும்பாலோர் வளர்ந்து மிசன் ஊழியத்துக்கே வந்தார்கள். வேலூர் மருத்துவமனையைக் கட்டிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்திதான்.

சாவும் சும்மா விடவில்லை. வாரன் 1818இலேயே போய்விட்டார். பூவரின் முதல் மனைவி சூசன் 1821இலும் ரிச்சர்ட்ஸ் 1822இலும் லிடியா வூட்வர்ட் 1825இலும் இறந்தார்கள். இதற்கு நடுவில் புதிதாக ஆள் வர வழியும் இல்லை. 1820இல் வந்த அச்சுத் தொழிலாளி ஜேம்ஸ் கரட்டை ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் திருப்பி அனுப்பினார், அமெரிக்கர் இனி வரக்கூடாது என்ற தடை 1833 வரைக்கும் நீடித்தது. ஆகவே அந்தப் பதின்மூன்று ஆண்டும் எஞ்சியிருந்த சில குடும்பங்களே பள்ளிகளையும் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி என்ற உயர்கல்விப் பள்ளியையும் தாங்கின. லீவை ஸ்போல்டிங் 1820இலிருந்து 1873இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார், நடுவில் தாய்நாடு போனது ஒரே தடவை.

செமினரியில் வேதபாடம் இன்னொரு வடிவம் எடுத்தது. பூவர் ஐரோப்பிய வானசாஸ்திரத்தையும் தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கையும் சேர்த்துப் படிப்பித்தார். 1829இல் ஒரு சந்திர கிரகணத்தின் நேரம் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கத்துக்கும் அவருடைய கணக்குக்கும் வித்தியாசம் வந்து, ஆட்கள் கூடிநின்று பார்த்தார்கள், அவர் கணக்கே சரியாக வந்தது. இராகு கேது கதை பொய் என்றால் மற்றப் புராணமும் பொய், அடுத்தது வேதாகமம் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். அது அப்படி நடக்கவில்லை. கணிதத்தை எடுத்துக்கொண்டு சைவத்தை வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். வெஸ்லியன் மிசனில் பேர்சிவல் பாதிரியாருக்குத் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், பிரசங்கம், அச்சகம், ஆண்டு வகுப்புப் பள்ளிக்கூடம் என்று மிசனரிகள் கையாண்ட முறைகளையே எடுத்து 1840களின் இறுதியில் சைவத்துக்குப் பயன்படுத்தினார். 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த மேலிடத்துக் குழு, செமினரி போதகர்களை விட அரசாங்க எழுதுவினைஞர்களையே அதிகம் உண்டாக்குகிறது என்று சொல்லி அதை மூடிவிட்டது. அங்கே படித்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் முயன்றுதான் 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

ஆக, "ஆள் பிடித்தார்களா?" என்ற கேள்விக்கு என் பதில். உணவு, உடை, பெயர், சீதனம், ஆங்கிலம் வழியாக வரும் உத்தியோகம் எல்லாம் இழுக்கும் கயிறாக இருந்தன, அது உறுதி. கிராமப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சைவர்களாகவே இருந்தார்கள், அதுவும் உறுதி. மாறியவர்களில் யார் சோற்றுக்காக, யார் நம்பிக்கையால் என்று இன்று ஒருவர் பிரித்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஒரே மனிதரிடம் இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும், ஐந்து வயதில் சோற்றுக்கு வந்தவர் ஐம்பது வயதில் உண்மையான விசுவாசியாக இறந்திருக்கலாம். சொந்தச் சாதியார் தள்ளிவைத்த பிறகும் விட்டுப் போகாதவர்களை "சோற்றுக் கிறிஸ்தவர்" என்று சொல்வது அநியாயம்.

உங்கள் பூட்டியின் காலத்தைப் பார்த்தால் அவருக்கு எலைசா அக்னியூ அம்மையார் படிப்பித்திருக்கக் கூடும். 1840இல் தனியாக வந்து, உடுவிலில் தலைமுறை தலைமுறையாகப் படிப்பித்து, ஒரு தடவைகூடத் தாய்நாடு திரும்பாமல் 1883இல் மானிப்பாயில் இறந்தவர். படித்து முடித்துக் கல்யாணமாகிப் போன பெண்களின் ஊர்களுக்கும் போய் அவர்களோடு உட்கார்ந்து வேதம் வாசிப்பார். அவருக்குப் பிறகு அந்த வேலையைப் பெரும்பாலும் தமிழ் வேதாகமப் பெண்களே செய்தார்கள், வீடு வீடாக, பெண்கள் மட்டும் இருக்கும் உள்வீடுகளுக்குள். ஆண் மிசனரி ஒருவரும் நுழைய முடியாத இடம் அது. நான் அதிகம் தேடுவது இந்தப் பெண்களின் சொந்தக் குரலைத்தான், அறிக்கைகளில் அவர்கள் ஒரு பெயராகவோ ஒரு தொகையாகவோ மட்டும் வருகிறார்கள். உங்கள் வீட்டில் பூட்டியின் பழைய பைபிள், கடிதம், கணக்குக் கொப்பி ஏதாவது இருந்தால் முதலில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். பைபிளின் முன்பின் வெற்றுத் தாள்களை விடாமல் எடுங்கள், பிறப்பு இறப்பெல்லாம் அங்கேதான் எழுதுவார்கள்.